மகளின் டைரியை உலகுக்குத் தந்த தந்தை: ஓட்டோ பிராங்க்

பெற்றோரின் பெயரைப் பிள்ளைகள் விளங்க வைப்பது உலக வழக்கம். 15 வயதில் மாண்டுபோன மகளின் பெயரை ஒரு தந்தை உலகம் முழுவதும் விளங்க வைத்தார். ஆன் பிராங்க் என்ற சிறுமி எழுதிய டைரியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அந்த டைரியைக் கையில் ஏந்திக்கொண்டு 35 ஆண்டுகள் ஊர் ஊராக, நாடு நாடாக இளைஞர்களிடம் பேசிய அவளுடைய தந்தை ஓட்டோ பிராங்க்கைப் பற்றி அறிந்தவர்கள் மிகச் சிலரே.

மனைவியையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்த ஒரு மனிதர் பழிவாங்கும் எண்ணத்துக்கு இடம் தராமல், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆசிரியராக மாறிய கதை இது.

செல்வக் குடும்பம்

ஓட்டோ பிராங்க் 1889-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மைக்கேல் பாங்கு நடத்தி வந்தார். தாயார் பெயர் அலிஸ். நான்கு பிள்ளைகளில் ஓட்டோ இரண்டாவது பிள்ளை.

இளமையில் அவருக்குக் குறை என்று எதுவும் இருந்ததில்லை. பல்கலைக்கழகத் தோழர் ஒருவரின் குடும்பத்துக்கு நியூயார்க்கில் மேசீஸ் என்ற மிகப் பெரிய அங்காடி சொந்தமாக இருந்தது. அங்கே சில காலம் வேலை பழகினார். 1909-ம் ஆண்டு தந்தை இறந்ததால் குடும்பப் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

முதல் உலகப் போரில் ஓட்டோ ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். பிரான்ஸ் போர்முனையில் பணியாற்றி லெப்டினன்டாக உயர்ந்தார். போர் முடிந்ததும் அவர் வீடு திரும்பச் சில வாரங்கள் தாமதமாயிற்று. ராணுவத் தேவைக்காக ஒரு விவசாயியிடமிருந்து வாங்கிய குதிரைகளைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவற்றை உரியவரிடம் சேர்த்துவிட்டுத்தான் அவர் ஊருக்குப் புறப்பட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் இந்தக் குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

1925-ம் ஆண்டு, தமது 36-வது பிறந்த நாளன்று, ஈடித் ஹாலண்டர் என்ற பெண்ணை மணந்தார். 1926-ல் மூத்த மகள் மார்கோ பிறந்தாள். 1929-ம் ஆண்டு ஜூன் 12-ந்தேதி இளைய மகள் ஆன் பிறந்தாள்.

நாட்டை விட்டு வெளியேறினார்

1933-ம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களின் கடைகளில் பொருள் வாங்கக் கூடாது என்று நாஜிகள் தெருவில் நின்று தடுத்தார்கள். பள்ளிகளில் யூதக் குழந்தைகள் ஒதுக்கப்பட்டார்கள். ஜெர்மனிக்காகப் போரில் நின்ற ஓட்டோவுக்கு அந்த நாட்டில் இனி இடமில்லை என்பது தெளிவாகிவிட்டது.

அவர் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடியேறினார். அங்கே ஜாம் தயாரிக்க உதவும் பெக்டின் என்ற பொருளை விற்கும் ஒபெக்டா கம்பெனியின் கிளையைத் தொடங்கினார். பிறகு மசாலாப் பொருள் வியாபாரமும் சேர்ந்துகொண்டது. மகள்கள் டச்சு மொழியைக் கற்றுக்கொண்டு அந்த ஊர்ப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள்.

ஆனால் விட்டு வந்த வினை விரட்டிக்கொண்டு வந்தது. 1940-ம் ஆண்டு மே மாதம் 10-ந்தேதி ஜெர்மன் ராணுவம் ஹாலந்துக்குள் நுழைந்தது. ஐந்து நாட்களில் நாடு சரணடைந்தது. யூதர்கள் பூங்காவுக்குப் போகக்கூடாது, டிராமில் ஏறக்கூடாது, சைக்கிள் வைத்திருக்கக்கூடாது, உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாக உத்தரவுகள் வந்தன.

அமெரிக்காவுக்குப் போய்விட ஓட்டோ முயன்றார். 1941-ம் ஆண்டு தமது பழைய தோழருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். ஆனால் அமெரிக்க அரசின் விசா விதிகள் மேலும் மேலும் கடுமையாகிக்கொண்டே போயின. பணமும் சிபாரிசும் இருந்தும் கதவு திறக்கவில்லை.

மறைவிடத்தில் பள்ளிக்கூடம்

1942-ம் ஆண்டு ஜூலை 5-ந்தேதி, 16 வயது மார்கோவுக்கு ஜெர்மனிக்கு வேலைக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. போனால் திரும்புவது சந்தேகம். மறுநாள் காலையிலேயே குடும்பம் தலைமறைவாயிற்று.

பிரின்சன்கிராக்ட் என்ற கால்வாய்க் கரைத் தெருவில் 263-ம் எண் கட்டடத்தில் ஓட்டோவின் கம்பெனி நடந்து வந்தது. அதன் பின்கட்டில் இருந்த அறைகளைத்தான் அவர் மறைவிடமாக ஆயத்தம் செய்து வைத்திருந்தார். பின்கட்டுக்குப் போகும் வழியைச் சுழலும் புத்தக அலமாரி ஒன்று மறைத்து நின்றது. பிராங்க் குடும்பத்தினர் நால்வர், கூட்டாளி வான் பெல்ஸ் குடும்பத்தினர் மூவர், பின்னர் பல் டாக்டர் பெஃபர் என்று எட்டுப் பேர் அங்கே 2 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆபீசில் வேலை பார்த்த மீப் கீஸ், கிளைமான், கூக்ளர், பெப் வோஸ்கெய்ல் ஆகியோர் உயிரைப் பணயம் வைத்து அவர்களுக்கு உணவும் புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பகலில் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். அப்போது மேலே உள்ளவர்கள் சத்தமாகப் பேசக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது. அந்த நிலையிலும் பிள்ளைகளின் படிப்பு நிற்கக்கூடாது என்பதில் ஓட்டோ உறுதியாக இருந்தார். மார்கோ, ஆன், வான் பெல்ஸ் தம்பதியின் மகன் பீட்டர் ஆகிய மூவருக்கும் அவரே ஆசிரியர். கணக்கும் மொழிகளும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார். டிக்கன்ஸ் நாவல்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். வெளியுலகம் ஒருநாள் திரும்பக் கிடைக்கும், அதற்குப் பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

மகள்கள் வளர வளர அவர்களுடைய உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் குறித்து வந்தார். அந்த 2 ஆண்டுகளில் ஆன் 13 சென்டிமீட்டர் வளர்ந்தாள். அந்தக் கோடுகள் இன்றும் அந்தச் சுவரில் இருக்கின்றன.

13-வது பிறந்த நாளுக்குப் பரிசாகக் கிடைத்த டைரியில் ஆன் எழுதிக்கொண்டே இருந்தாள். அதைத் திறந்து பார்க்கமாட்டேன் என்று தந்தை வாக்களித்திருந்தார். அந்த வாக்கையும் அவர் மீறவில்லை.

திரும்பியவர் ஒருவரே

1944-ம் ஆண்டு ஆகஸ்ட் 4-ந்தேதி நாஜிப் போலீசார் அங்கே நுழைந்தார்கள். எட்டுப் பேரும், உதவி செய்த கிளைமானும் கூக்ளரும் கைது செய்யப்பட்டார்கள். செப்டம்பர் 3-ந்தேதி ஹாலந்திலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் புறப்பட்ட கடைசி ரெயிலில் அந்த எட்டுப் பேரும் ஏற்றப்பட்டார்கள். அதில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஆடுமாடுகளைப் போல் அடைக்கப்பட்டிருந்தார்கள்.

ஆஷ்விட்ஸ் ரெயிலடியில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம் என்று பிரித்தார்கள். ஓட்டோ தம் மனைவி மக்களைப் பார்த்தது அதுவே கடைசி.

பட்டினியும் கடும் வேலையும் அவரை எலும்பும் தோலும் ஆக்கின. 1945-ம் ஆண்டு ஜனவரி 27-ந்தேதி சோவியத் படைகள் முகாமை விடுவித்தபோது அவர் நோயாளிகளின் கொட்டடியில் கிடந்தார். நடக்க முடிந்த கைதிகளையெல்லாம் நாஜிகள் பனியில் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். நடக்க முடியாமல் கிடந்ததே ஓட்டோவின் உயிரைக் காத்தது.

ஒடெஸ்ஸா துறைமுகத்திலிருந்து கப்பலில் மார்சேல்ஸ் வந்து, ஜூன் 3-ந்தேதி ஆம்ஸ்டர்டாமில் மீப் கீஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி ஈடித் ஜனவரி 6-ந்தேதியே ஆஷ்விட்ஸில் இறந்துவிட்ட செய்தியை வழியிலேயே அறிந்திருந்தார். மகள்கள் உயிரோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. திரும்பி வந்தவர்களையெல்லாம் விசாரித்தார். செஞ்சிலுவைச் சங்கப் பட்டியல்களைப் பார்த்தார். ஜூலை மாதத்தில், பெர்கன்-பெல்சன் முகாமில் மகள்களோடு இருந்த சகோதரிகள் இருவரின் மூலம் உண்மை தெரிந்தது. மார்கோவும் ஆனும் டைபஸ் காய்ச்சலில் இறந்துவிட்டார்கள்.

ஹாலந்திலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதர்கள் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர். அவர்களில் திரும்பியவர்கள் சுமார் 5 ஆயிரம் பேரே. பின்கட்டில் இருந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ ஒருவர் மட்டுமே.

டைரி கைக்கு வந்தது

கைது நடந்த அன்று தரையில் சிதறிக் கிடந்த ஆனின் நோட்டுகளையும் தாள்களையும் மீப் கீஸும் பெப்பும் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அவற்றைப் படிக்காமலே மேஜை டிராயரில் வைத்துப் பாதுகாத்தார். அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார். ஆன் இனி வரமாட்டாள் என்று தெரிந்த நாளில், அந்தக் கட்டை எடுத்துத் தந்தையின் கையில் கொடுத்தார்.

ஓட்டோவால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. ஒரு நாளைக்குச் சில பக்கங்களாகப் படித்தார். கலகலப்பாகப் பேசிச் சிரித்துத் திரிந்த தம் மகளுக்குள் இவ்வளவு ஆழமான இன்னொரு பெண் இருந்தாள் என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். பெற்றோர் தம் பிள்ளைகளை முழுதாக அறிவதில்லை என்று பிற்காலத்தில் பலரிடமும் அவர் சொல்லி வருந்தியது உண்டு.

எழுத்தாளராக வேண்டும் என்பது ஆனின் ஆசை. போருக்குப் பின் வெளியிடுவதற்காகத் தன் டைரியைத் தானே திருத்தி எழுதவும் தொடங்கியிருந்தாள். உறவினர்களுக்காகத் தட்டச்சு செய்த பிரதி நண்பர்கள் கைக்குப் போயிற்று. அச்சிட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். அந்தரங்கமான எழுத்தை ஊருக்குக் காட்டலாமா என்று தந்தை முதலில் தயங்கினார். மகளின் ஆசையே வென்றது.

1947-ம் ஆண்டு ஜூன் 25-ந்தேதி டச்சு மொழியில் முதல் பதிப்பு வெளிவந்தது. சுமார் 3 ஆயிரம் பிரதிகள். தாயைப் பற்றி ஆன் கடுமையாக எழுதிய சில பகுதிகளையும், வேறு சில அந்தரங்கப் பகுதிகளையும் ஓட்டோ விட்டுவிட்டார். இறந்துபோன மனைவி பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தாள் என்பதை அவர் எண்ணியிருக்கலாம். அவர் ஒரு நண்பரிடம் ஒப்படைத்திருந்த ஐந்து தாள்கள் 1998-ல்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தன. இந்தத் திருத்தங்களுக்காக அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் மூலப் பிரதியில் ஒரு வரியையும் அவர் அழிக்கவில்லை. அதனால்தான் பிற்காலத்தில் முழு டைரியும் வெளிவர முடிந்தது.

1950-ல் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும், 1952-ல் ஆங்கிலத்திலும் டைரி வெளிவந்தது. 1955-ல் நியூயார்க்கில் நாடகமாயிற்று. 1959-ல் சினிமாவும் வந்தது. தம் வீட்டுத் துயரத்தை மேடையில் பார்க்கும் மனவலிமை அவருக்கு இல்லை. அந்த நாடகத்தைப் பார்க்க அவர் கடைசிவரை போகவே இல்லை.

கடிதங்கள், கடிதங்கள்

டைரியைப் படித்த சிறுவர் சிறுமியரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தன. ஓட்டோ ஒன்றையும் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்.

1953-ம் ஆண்டு பிரிட்ஸி என்ற பெண்மணியை அவர் மறுமணம் செய்துகொண்டார். அவரும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். கணவரையும் மகனையும் முகாமில் இழந்து, ஒரே மகளுடன் திரும்பியவர். துயரத்தால் ஒன்றுபட்ட இருவரும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பகுதியில் குடியிருந்தார்கள். காலையில் தபால் வந்ததும் இருவரும் உட்காருவார்கள். அவர் சொல்லச் சொல்ல மனைவி தட்டச்சு செய்வார். ஆண்டுக்கணக்கில் இதுவே அந்த வீட்டின் அன்றாட வேலை. இவ்வாறு எழுதப்பட்ட பதில்கள் ஆயிரக்கணக்கானவை.

பெற்றோருடன் மனத்தாங்கல் கொண்ட பிள்ளைகளும் அவருக்கு எழுதினார்கள். அவர்களுக்கு அவர் நல்ல தாத்தாவைப்போல் புத்தி சொன்னார். தாயைப் பற்றி ஆன் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தாயின் பக்கத்தையும் பார்க்கச் சொன்னார். சில பிள்ளைகள் வளர்ந்து, மணமாகி, தங்கள் குழந்தைகளுடன் வந்து அவரைப் பார்த்துப் போனார்கள்.

வெறுப்பு வேண்டாம் என்பதே அவர் எல்லோருக்கும் சொன்னது. நடந்ததை மாற்ற முடியாது. ஆனால் குற்றமற்ற மக்களை அவர்களுடைய பிறப்புக்காக ஒதுக்கித் துன்புறுத்தினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்றார். அனுதாபப்பட்டு அழுவதோடு நின்றுவிடாமல், தங்கள் ஊரில், தங்கள் பள்ளியில் நடக்கும் அநீதியை எதிர்க்க வேண்டும் என்று அவர்களைத் தூண்டினார்.

அவர்களைக் கைது செய்ய வந்த போலீஸ் அதிகாரி 1963-ல் வியன்னாவில் கண்டுபிடிக்கப்பட்டபோதும் ஓட்டோ பழிவாங்கத் துடிக்கவில்லை. காட்டிக் கொடுத்தவர் யார் என்று தேடுவதிலும் தம் வாழ்நாளைச் செலவிடவில்லை.

இடிக்க இருந்த கட்டடம்

ஐம்பதுகளில் பிரின்சன்கிராக்ட் கட்டடத்தை இடித்துவிட்டு வேறு கட்டடம் எழுப்ப ஒரு கம்பெனி திட்டமிட்டது. ஆம்ஸ்டர்டாம் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1957-ம் ஆண்டு மே மாதம் ஆன் பிராங்க் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இடிக்க நினைத்த கம்பெனியே அந்தக் கட்டடத்தை நன்கொடையாகக் கொடுத்துவிட்டது. 1960-ம் ஆண்டு மே 3-ந்தேதி அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கைதுக்குப் பின் பின்கட்டின் தட்டுமுட்டுச் சாமான்களை நாஜிகள் அள்ளிச் சென்றிருந்தார்கள். பழையபடி மேஜை நாற்காலி போட்டு அலங்கரிக்கலாம் என்ற யோசனையை ஓட்டோ ஏற்கவில்லை. அறைகள் வெறுமையாகவே இருக்கட்டும் என்றார். போனவர்கள் போனவர்கள்தான் என்பதை அந்த வெறுமையே பார்ப்பவருக்கு உணர்த்தும் என்பது அவர் கருத்து.

அது அஞ்சலி செலுத்திவிட்டுப் போகும் இடமாக மட்டும் இருப்பதையும் அவர் விரும்பவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இளைஞர் மையம் ஏற்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். அறுபதுகளில் கோடை விடுமுறையில் அங்கே பல நாட்டு இளைஞர்களின் மாநாடுகள் நடந்தன. ஜெர்மன் இளைஞர்களும் வந்தார்கள். மதப் பகை, நிற வேற்றுமை, மனித உரிமை ஆகியவை பற்றி விவாதித்தார்கள். முன்வரிசையில் அந்த முதியவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

1960-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு ரோஜா வளர்ப்பாளர் ஒருவர் தாம் உருவாக்கிய ஒரு புதுவகை ரோஜாவுக்கு ஆன் பெயரைச் சூட்டினார். அந்த ரோஜாக் கன்றுகளை ஓட்டோ ஜப்பானுக்கு அனுப்பினார். டோக்கியோவில் ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள் அந்தச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகிறார்கள்.

கோர்ட்டில் ஒரு தந்தை

இத்தனைக்கும் நடுவில் ஒரு கொடுமையையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. டைரியே பொய், யாரோ எழுதியது என்று சிலர் பிரசாரம் செய்தார்கள். 1958-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் அப்படி எழுதியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவரே இப்படிச் சொன்னால் அடுத்த தலைமுறை எதை நம்பும்? ஓட்டோ வழக்குத் தொடுத்தார். கையெழுத்து நிபுணர்கள் ஆராய்ந்து டைரி ஆனுடையதே என்று சான்று கூறினார்கள். 1961-ல் அந்த ஆசிரியர் தம் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஆனால் பொய் ஓயவில்லை. எழுபதுகளிலும் அவர் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. பெற்ற மகள் எழுதியதுதான் என்று 80 வயதைத் தாண்டிய பிறகும் ஒரு தந்தை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை.

1980-ம் ஆண்டு ஆகஸ்ட் 19-ந்தேதி, தமது 91-வது வயதில், பாசல் அருகே உள்ள பிர்ஸ்பெல்டன் என்ற ஊரில் ஓட்டோ பிராங்க் காலமானார். டைரியின் மூலப் பிரதிகளை ஹாலந்து அரசின் போர் ஆவண நிலையத்துக்கு உயில் எழுதி வைத்திருந்தார். அந்த நிலையம் காகிதம், மை, பசை, கையெழுத்து அனைத்தையும் பரிசோதிக்கச் செய்து, 1986-ல் டைரியின் எல்லா வடிவங்களையும் ஒரே நூலாக வெளியிட்டது. டைரி உண்மையானது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. அந்தத் தீர்ப்பைக் கேட்கத் தந்தை உயிரோடு இல்லை.

2009-ல் யுனெஸ்கோ அந்த டைரியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இன்று அது 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் படிக்கப்படுகிறது. அந்தக் கால்வாய்க் கரை வீட்டுக்கு ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து போகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் இளவயதினர். புத்தக அலமாரியைக் கடந்து குறுகிய படிகளில் ஏறி, வெறும் அறைகளைப் பார்த்துக்கொண்டே வருபவர்கள், சுவரில் உள்ள பென்சில் கோடுகளின் முன் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். எந்த வீட்டிலும் ஒரு தகப்பன் போடக்கூடிய கோடுகள் அவை. 1944-ம் ஆண்டு கோடைக்குப் பிறகு அந்தச் சுவரில் கோடு இல்லை.